இருபத்தோரு அடி உயரத்தில் என் தங்கை

சனிக்கிழமை, காலை 6.10. திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் சேலம் வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது என்னிடம் இரண்டு சுமைகள் இருந்தன. ஒன்று, என் தங்கை ரீட்டாவின் தோளுக்கு ஒத்தடம் கொடுக்க அம்மா வாங்கித் தந்த ரப்பர் வெந்நீர்ப் பை. இன்னொன்று அம்மாவின் கட்டளை. "அவள அந்தரத்துலேர்ந்து இறக்கிக் கையோட கூட்டிட்டு வா. ஏறுனதெல்லாம் போதும்."

ரீட்டாவுக்கு முப்பத்துநான்கு வயது. ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு வருடமாகத் தரம் பார்க்கும் வேலை. அதுவரை எல்லாம் நல்லபடிதான். இரண்டு வருடத்துக்கு முன் அங்கே தொழிலாளர்களும் சில கலைஞர்களும் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தார்கள். அவர்கள் செய்வது நாடகம், அதிலேயே நடனம், சர்க்கஸ், பாட்டு, ஓவியம் எல்லாம். "அஞ்சு குழம்பையும் ஒரே சட்டில கொட்டிக் கிண்டுனா அதுக்கு என்னடி பேரு?" என்று அம்மா கேட்டாள். அந்தச் சட்டியில் அவள் பங்கு, உயரத்தில் கட்டிய நீளத் துணியைக் காலில் சுற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்குவது. எட்டு மாதத்துக்கு முன் ஒத்திகையில் விழுந்தாள். காறை எலும்பு முறிந்து, தகடும் ஆறு திருகாணிகளும் வைத்தார்கள். அதற்குப் பிறகு நாளை ஞாயிற்றுக்கிழமைதான் முதல்முறையாக மறுபடி ஏறப்போகிறாள்.

நான் காப்பீட்டு அலுவலகத்தில் இருபது வருடம் விபத்துக் கோப்புகளைப் புரட்டியவள். மற்றவர்கள் ஒரு படிக்கட்டைப் பார்த்தால் படிக்கட்டைப் பார்ப்பார்கள். நான் பார்த்தால் எந்தப் படியில் எவர் கால் இடறும் என்றுதான் பார்ப்பேன். வீட்டில் எனக்குப் பெயர் பயந்தாங்கொள்ளி. அந்தப் பெயருக்கு நான் கோபப்பட்டதில்லை.

சேலத்தில் 9.40க்கு இறங்கி, இரண்டு இட்லி சாப்பிட்டு, 10.05க்கு ஓசூர் வண்டியைப் பிடித்தேன். டிக்கெட் நூற்று முப்பத்தைந்து ரூபாய். தொப்பூர் கணவாயில் வண்டி ஏறத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டேன். என் மேசைக்கு வந்த கோப்புகளில் அந்தக் கணவாயின் பெயர் எத்தனையோ முறை வந்திருக்கிறது. நடத்துநர் குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா, வாந்தி வருதா?"

"இல்லங்க. பயம்."

"பயத்துக்கு ஜன்னல் சீட்டு ஆவாதும்மா. இந்தாண்ட வந்து குந்துங்க" என்று தன் இருக்கையைக் காட்டினார். வெட்கத்தை விட்டுப் போய் உட்கார்ந்தேன். தர்மபுரி வரை அவர் நின்றுகொண்டே வந்தார்.

கிருஷ்ணகிரி தாண்டியதும் காற்று மாறியது. பர்கூர்ப் பக்கத்துக் கருங்கல் பாளங்களைச் சங்கிலியால் கட்டி ஏற்றிய லாரிகள் எங்களுக்கு முன்னால் ஊர்ந்தன. ஒவ்வொரு லாரியிலும் நான் பார்த்தது கல்லை அல்ல, சங்கிலியை. சூளகிரி மலை இடப்புறம் வந்து போயிற்று. பிற்பகல் 2.25க்கு ஓசூர். உச்சி வெயிலிலும் குளிர்ந்த காற்று அடிக்கும் ஊர் அது. திருச்சிக்காரிக்கு அதுவே ஒரு சந்தேகத்துக்குரிய விஷயம்.

ரீட்டாவின் வீடு பேருந்து நிலையத்திலிருந்து நான்கு கிலோமீட்டர். பங்கு ஆட்டோவில் முப்பது ரூபாய். ஓட்டுநர் பின்னால் இருந்த அம்மாளிடம் தெலுங்கிலும், பக்கத்தில் தொற்றிக்கொண்டு வந்தவரிடம் கன்னடத்திலும், என்னிடம் தமிழிலும் பேசினார். எங்கே போகிறேன் என்று விசாரித்தவர், ரீட்டாவின் பெயரைச் சொன்னதும் சட்டெனத் திரும்பினார்.

"துணில தொங்குற ரீட்டாக்கா வூடா? நாளைக்கு ஷெட்டுல டிராமான்னு போஸ்டர் பாத்தேன். அந்தக்கா தோள்பட்டை ஒடைஞ்சிடுச்சின்னு சொன்னாங்களே, மறுபடி ஏறுதா?"

"ஏறப்போறாளாம்."

"ஏமி காதக்கா. ஒண்ணும் ஆவாது" என்று இரண்டு மொழியிலும் தைரியம் சொன்னார். சொல்லும்போது அவர் சாலையைப் பார்க்கவில்லை என்பதுதான் என் கவலை.

மாலை 5.30. ரீட்டா என்னை அந்த ஷெட்டுக்குக் கூட்டிப்போனாள். தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில், மூடிக் கிடக்கும் ஒரு பழைய பட்டறை. உள்ளே இயந்திரங்கள் இல்லை. அவை இருந்த இடங்களில் எண்ணெய்க் கறையும் மஞ்சள் கோடுகளும் மட்டும். ஒரு மூலையில் சக்கரம் வைத்த இரும்புச் சாரம் நின்றது. ஓவியர் அதன்மேல் ஏறித்தான் நாளை வரைவாராம். கூரைக்குக் கீழே, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் குறுக்காக, ஒரு கிரேன். அதிலிருந்து ஒரு கொக்கி. கொக்கியில் மாட்டிய பெல்ட்டிலிருந்து சிவப்புத் துணி ஒன்று தரை வரை தொங்கிக்கொண்டிருந்தது.

"இதுலயா?" என்றேன்.

"இதுலதான்க்கா. இருபத்தோரு அடி." ரீட்டா உற்சாகமாகச் சொன்னாள். மற்ற பெண்கள் புடவை விலையைச் சொல்வது மாதிரி.

கிரேனை இயக்குபவர் சென்றாயன். ஐம்பது வயதிருக்கும். பகலில் ஒரு கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறார், மீதி நேரத்தில் இங்கே என் தங்கையைத் தூக்குகிறார். அவரிடம் நேராகவே கேட்டேன். "அண்ணே, இது தாங்குமா?"

"அஞ்சு டன் தூக்குற கிரேன்மா. உங்க தங்கச்சி அம்பத்திரண்டு கிலோ."

"அஞ்சு டன் தூக்குறது அம்பத்திரண்டு கிலோவக் கீழ போடாதுன்னு ஏதாவது இருக்கா?"

அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லம்மா. லேசான லோடுதான் சில சமயம் ஆட்டம் காட்டும்" என்றார். பொய் சொல்லியிருக்கலாம். அன்று இரவு ரீட்டாவின் தோளில் வெந்நீர்ப் பையை வைத்தபடி அம்மாவின் கட்டளையைச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாளைக்குப் பாத்துட்டு அப்புறம் சொல்லுக்கா" என்று தூங்கிப்போனாள். நான் தூங்கவில்லை.

ஞாயிறு, பிற்பகல் 3.15. நிகழ்ச்சி மூன்றரைக்கு. அந்த நேரத்துக்கு ஒரு காரணம் உண்டு. முதல் ஷிப்ட் இரண்டு மணிக்கு முடிகிறது. ஞாயிறும் ஓடும் கம்பெனிகளிலிருந்து வருபவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்துசேர அவ்வளவு நேரம் ஆகும். நூற்றைம்பது நாற்காலிகள், கிழக்கே பாதி, மேற்கே பாதி, நடுவில் ஆடும் இடம். பலர் கம்பெனிச் சட்டையோடும் கழுத்தில் அடையாள அட்டையோடும் அப்படியே வந்திருந்தார்கள். நான் மேற்கு வரிசையில், சென்றாயனுக்கு ஏழெட்டு அடி தள்ளி உட்கார்ந்தேன். கிரேன்காரர் பக்கத்தில் இருந்தால் ஏதோ ஒரு பிடிமானம் என்று எனக்கு நினைப்பு.

நம் ஊரில் நாடகம் என்றால் கடவுள் வாழ்த்து. இங்கே பாதுகாப்பு வாழ்த்து! தொழிற்சாலைக்காரர்கள் இது இல்லாமல் எந்த வேலையையும் தொடங்குவதில்லையாம். சென்றாயன் நடுவில் வந்து நின்று, அவசரம் என்றால் எந்தக் கதவு வழியாக வெளியே போவது, எங்கே கூடுவது என்று காட்டினார். பிறகு தூண்களைக் காட்டினார். ஒவ்வொரு தூணிலும் இடுப்பு உயரத்தில் குடைக்காளான் மாதிரி ஒரு சிவப்பு பட்டன் இருந்தது.

"தப்பா எதனாச்சும் பாத்தீங்கன்னா, யாரா இருந்தாலும் இத அழுத்தலாம். எல்லாம் நின்னுடும். யாரும் உங்கள ஏன்னு திட்ட மாட்டோம். அழுத்துனவங்க வந்து இன்னா பாத்தோம்னு சொல்லணும். அவங்க கையாலதான் அத திருப்பி எடுக்கணும். வேற யாரும் தொடக்கூடாது."

மூன்று மொழிகளில் சொன்னார். கூட்டம் பழக்கப்பட்ட பாடத்தைக் கேட்பதுபோலக் கேட்டது. விழும் என்று தெரிந்தவர்கள்தானே விழுந்தால் என்ன செய்வதென்று இவ்வளவு விளக்குவார்கள்?

3.32. சங்கு ஊதியது. நிஜமான ஆலைச் சங்கு. இரவு ஷிப்ட் பார்ப்பவர்களின் பகலைப் பற்றிய நிகழ்வு அது. நீலச் சட்டை போட்ட பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று கைகளை மட்டும் அசைத்தார்கள். எடு, வை, திருப்பு, தள்ளு. அதே அசைவு, மறுபடி, மறுபடி. தகரப் பலகையிலும் பம்பையிலும் தாளம் ஏற ஏற, அந்தக் கைகள் தோளை இழுத்தன, தோள் இடுப்பை இழுத்தது. எந்த நொடியில் வேலை நடனமானது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒருவர் பேரிங் வளையங்களை மூன்று, ஐந்து, ஏழு என்று காற்றில் எறிந்து பிடித்தபடியே தன் வீட்டுக்காரரிடம் வாடகைக்குத் தவணை கேட்கும் வசனத்தைப் பேசினார். கூட்டம் சிரித்தது, வளையம் ஒன்றுகூட விழவில்லை. சாரத்தின்மேல் நின்ற ஓவியர் பழைய இஞ்சின் எண்ணெயையும் செங்காவிப் பூச்சையும் கொண்டு பெரிய திரையில் ஒரு பெண் முகத்தை எழுதிக்கொண்டே வந்தார். பகலில் தூங்க முயலும் முகம். கண்ணை மூடியிருந்தாலும் அது தூங்கவில்லை என்று தெரிந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஒரு அரை மணி நேரம் நான் பயத்தை மறந்து வாய் பிளந்து பார்த்தேன்.

4.10க்கு ரீட்டா வந்தாள். எனக்கு மறதி தீர்ந்தது. துணியின் நுனியை இரண்டு கால்களிலும் சுற்றிக்கொண்டாள். சென்றாயன் கையிலிருந்த பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்த, கொக்கி மேலே போயிற்று. அவளும் போனாள். கீழே ஒரு மெத்தை இருந்தது, ஒன்பது அங்குலம். இருபத்தோரு அடிக்கு ஒன்பது அங்குலம் என்று என் மூளை கணக்குப் போட்டது. நான் ஜெபமாலையை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டேன்.

தூக்கம் வராத பெண் தூக்கத்துக்குள் விழுவதுதான் காட்சி. மூன்று முறை விழுவாள் என்று முதல்நாளே சொல்லியிருந்தாள். துணியைச் சுருள் சுருளாக இடுப்பில் ஏற்றி, கையை விட்டுவிடுவாள்; சுருள் அவிழ அவிழ உருண்டு இறங்கி, நடுவழியில் துணி அவளைப் பிடித்துக்கொள்ளும். முதல் முறை விழுந்தாள். துணி பிடித்தது. கூட்டம் மூச்சை இழுத்தது. பெண்கள் சிலர் கத்தினார்கள். நானும் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். மறுபடி ஏறினாள். இரண்டாவது முறை விழுந்தபோது துணி ஒரு வெட்டு வெட்டி நின்றது. மூன்றாவதற்காக ஏறி, சுருளைக் கட்டிக்கொண்டு, ஒரு கையை விரித்தாள்.

அப்போது எல்லாம் நின்றது. விளக்கு அணைந்தது, ஒலிபெருக்கி அணைந்தது, பம்பைக்காரர் கையைத் தூக்கியபடி நின்றார். கூரை இடுக்குகளிலிருந்து வந்த வெளிச்சம் மட்டும் மிச்சம். அந்த மங்கலில் சிவப்புத் துணியும் அதன் நடுவில் தலைகீழாக ரீட்டாவும். இசை நின்றதால் அவள் துணியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். மணி 4.22.

யாரோ பட்டனை அழுத்தியிருக்கிறார்கள்.

இதுவும் நாடகத்தின் பகுதி என்று நினைத்து இரண்டு பேர் கைதட்டினார்கள். சென்றாயன் கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினார். மேலே பார்த்தார். பிறகு, "ரீட்டா, அசையாத. மூணாவது வேணாம். அப்படியே இரு" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

பிறகு கூட்டத்தைப் பார்த்து, "அழுத்துனது யாரு?" என்றார்.

"யாரும் திட்ட மாட்டோம். இன்னா பாத்தீங்க? சொல்லுங்க." தெலுங்கில் கேட்டார். கன்னடத்தில் கேட்டார். நூற்றைம்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்களே தவிர ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மேலே ரீட்டா துணியை இறுக்கிப் பிடித்திருந்தாள். தகடு வைத்த தோள். தரைக்கும் அவளுக்கும் நடுவே பதினாறு, பதினேழு அடியாவது இருக்கும். துணியைத்தான் அவள் சுருட்டி மேலே ஏற்றிக்கொண்டிருந்தாளே, வழுக்கி இறங்கவும் வழியில்லை. கிரேனை இறக்கினால் ஒரு நிமிட வேலை. இறக்க மின்சாரம் வேண்டும். மின்சாரம் வரப் பட்டனைத் திருப்ப வேண்டும். எந்தப் பட்டன் என்று தேட வேண்டியதே இல்லை. கிழக்குப் பக்கத்து இரண்டாம் தூணில் ஒன்று உள்ளே அமுங்கி இருந்தது. அதைப் பார்த்ததும் எழுந்து ஓடினேன். என் வாழ்நாளில் நான் அப்படி ஓடியதில்லை. கையை அதன்மேல் வைத்தும் விட்டேன். சென்றாயன் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கைய எடுங்கம்மா."

"என் தங்கச்சி தொங்குறா! திருப்புங்க! இதென்ன விளையாட்டா?"

"நான் நின்ன பக்கத்துலேர்ந்து பாத்தா எல்லாம் சரியாத்தான் தெரிஞ்சுது. இந்த இருட்டுல இங்கேர்ந்தும் ஒண்ணும் புரியல. ஆனா அழுத்துனவங்க எதையோ பாத்துருக்காங்க. அது இன்னான்னு தெரியாம நீங்க திருப்புனா, அந்தப் பொண்ணு உங்க கையாலயே போவும்."

அவரை அடித்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்ததை எழுதவேண்டும். மார்பில் இரண்டு அடி. அவர் என் மணிக்கட்டை விடவில்லை. சட்டம் பேசிப் பிணத்தைக் காக்கும் ஆள் என்று மனதுக்குள் திட்டினேன். மேலே ரீட்டா, "அக்கா, கத்தாத, எனக்குக் கை ஆடுது" என்றாள். வாயைப் பொத்திக்கொண்டேன்.

சென்றாயன் மூன்றாவது முறையாகக் கேட்டார். இந்த முறை அதட்டாமல், கெஞ்சினார். "யாரா இருந்தாலும் பரவால்ல. இன்னா பாத்தீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க. பேரு கேக்க மாட்டேன். கம்பெனி கேக்க மாட்டேன்."

அந்தத் தூணுக்கு அருகில், கிழக்கு வரிசையின் கடைசி நாற்காலியில் ஒரு பெண் இருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கலாம். அவள் முதலில் செய்தது, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பி எழுத்துப் பக்கம் மார்பில் படும்படி வைத்ததுதான். அதற்குப் பிறகுதான் கையைத் தூக்கினாள்.

"நான்தாண்ணா." அதே கையால் மேலே காட்டினாள். "கொக்கி... பெல்ட்டு லாட்சு மேல ஏறி உக்காந்துனுக்குது."

சென்றாயன் அவள் அருகில் போய் நின்று, அவள் காட்டிய இடத்தை உற்றுப் பார்த்தார். நானும் பார்த்தேன். கொக்கியின் வாய் கிழக்கே பார்த்திருந்தது. மேற்கே உட்கார்ந்த எங்களுக்கு அதன் முதுகுதான் தெரியும். பெல்ட் வெளியே நழுவாமல் தடுக்க அந்த வாயில் ஒரு சின்னத் தகட்டு நாக்கு உண்டு. அதைத்தான் லாட்ச் என்கிறார்கள். ரீட்டா இரண்டாவது முறை விழுந்து துணி வெட்டியபோது பெல்ட் ஒரு துள்ளல் துள்ளி, கொக்கியின் குழியை விட்டு அந்த நாக்கின் விளிம்பில் ஏறி நின்றிருந்தது. என் தங்கையின் ஐம்பத்திரண்டு கிலோவும் கட்டைவிரல் அகலத் தகட்டின் மேல். மூன்றாவது முறை அவள் விழுந்திருந்தால் துணியோடு வந்திருப்பாள். கிரேன் ஒரு குலுக்கலோடு இறங்கத் தொடங்கியிருந்தாலும் அதேதான் நடந்திருக்கும்.

அந்தப் பட்டனில் என் கை இருந்தது. உள்ளங்கையின் நடுவில் அதன் வட்டம் இன்னும் தெரிந்தது.

சென்றாயன் விரலைச் சொடுக்க, ஓவியர் இறங்கினார்; எட்டுப் பேர் சாரத்தைப் பிடித்து, சக்கரம் கிறீச்சிடக்கூட விடாமல், தூங்கும் குழந்தையின் தொட்டிலைத் தள்ளுவதுபோல் நடுவுக்குத் தள்ளி வந்தார்கள். சென்றாயன் மேலே ஏறினார். ரீட்டாவின் முதுகைத் தாங்கி, பலகையில் அவள் கையை வைத்து, சுருளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். கடைசிச் சுற்று அவிழ்ந்து துணி தளர்ந்ததும் பெல்ட் நாக்கிலிருந்து வழுக்கி, தானாகவே கீழே வந்தது. சிவப்புத் துணி முழுவதும் அவர்கள் இருவர் தலையிலும் சரிந்து விழுந்தது. மணி 4.31. ஒன்பது நிமிடம்.

ரீட்டா தரைக்கு வந்ததும் நான் அவளைக் கட்டிப்பிடித்தேனா திட்டினேனா என்று நினைவில்லை. இரண்டும் என்கிறாள் அவள்.

சென்றாயன் அந்தப் பெண்ணைத் தூணுக்கு அழைத்தார். "நீதாம்மா எடுக்கணும்." அவள் தயங்கித் தயங்கி வந்து பட்டனைத் திருப்பினாள். விளக்குகள் எரிந்தன. அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவள் தலை குனிந்தபடியே தன் நாற்காலிக்குப் போய்விட்டாள்.

கொக்கியைக் கழற்றிவிட்டு, திருகு ஆணி போட்ட வளையத்தை மாட்டினார்கள். கூட்டம் கலையவில்லை. ரீட்டா காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, "மூணாவத முடிச்சிடறேன்" என்றாள்.

"உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? அம்மாகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"அக்கா, காலைல ஆறு மணிலேர்ந்து ஒரு லைட்டுக்கு அடியில ஒரே பார்ட்டோட ஓட்டையப் பாத்துப் பாத்து வைக்கிறேன். பதினோரு வருஷம். மேல போனாதான் எனக்கு நான் இருக்கேன்னே தெரியுது. எனக்கும் பயம்தான். இப்ப ஏறலன்னா இனிமே ஏற மாட்டேன், அது எனக்கே தெரியும்."

நான் வேண்டாம் என்றேன். அவள் ஏறினாள்.

இந்த முறை நான் கிழக்குப் பக்கம் போய், அந்தப் பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். மேலே ரீட்டா என்ன ஆடினாள் என்று என்னால் எழுத முடியாது. நாங்கள் இருவரும் ஆட்டத்தைப் பார்க்கவில்லை; வளையத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ரீட்டா விழுந்து, துணி பிடித்து, கூட்டம் ஆரவாரித்து அடங்கியபிறகுதான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"ஏம்மா இவ்ளோ நேரம் சொல்லாம இருந்த?"

அவள் கண் இன்னும் வளையத்தை விட்டு இறங்கவில்லை. "முன்ன இருந்த கம்பெனில ஒரு வாட்டி அழுத்துனேங்க்கா. பக்கத்துல ஒரு பையன் கை மாட்டிக்கிற மாதிரி இருந்துச்சு. லைன் நின்னுடுச்சு. வந்து பாத்தா அவன் கைய எடுத்துட்டான். ஒண்ணும் ஆவல. அங்கயும் இதே மாதிரிதான் சொல்லுவாங்க, யாரும் திட்ட மாட்டோம்னு. திட்டல. மறுநாள் காண்டிராக்டரு, நாளைலேர்ந்து வராதன்னு போன் பண்ணாரு. அப்புறம் நாலு எடத்துல வேல கேட்டேன். 'பட்டனு வந்துருச்சு'ன்னு சிரிப்பாங்க. இப்ப இங்க சேந்து அஞ்சு மாசம்தான் ஆவுது."

"ஆனா இன்னிக்கு அழுத்துனியே."

"கை தானா போயிடுச்சுக்கா. அப்புறந்தான் பயமே வந்துச்சு."

அவள் பெயரைக் கேட்டேன். சொன்னாள். நான் அவ்வப்போது பத்திரிகைக்கு எழுதுகிறவள் என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம் பேர எழுதிடாதீங்க்கா. சத்தியமா எழுதிடாதீங்க."

எழுதவில்லை. அவள் போட்டிருந்த சட்டையின் நிறத்தையும் எழுதவில்லை. ஓசூரில் சட்டை நிறத்தைச் சொன்னால் கம்பெனியைச் சொன்ன மாதிரி. அவள் பேச்சு எந்த ஊர்ப் பேச்சு என்பதையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

திங்கள், காலை 7.20. ஓசூர் பேருந்து நிலையம். வழியனுப்ப சென்றாயன் வந்திருந்தார், ரீட்டா முதல் ஷிப்டுக்குப் போய்விட்டதால். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "எங்க வூட்டுப் பொண்ணா இருந்தா நானும் அடிச்சிருப்பேன்மா" என்றார். "பெல்ட்ட மாட்டுனது நான். பாக்காதது எந் தப்பு. முப்பது வருசம் ஓட்டுறேன், கொக்கி வாய எந்தப் பக்கம் வெக்கணும்னு ஒருநாளும் யோசிச்சதில்ல. இனி ரெண்டு பக்கமும் ஆள் நிக்கும்." அவருக்குத் தூக்கமில்லாத கண்கள். தொப்பூரில் இந்தமுறை வண்டி இறக்கத்தில் போனபோதும் கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன்.

தங்கையில்லாமல் வீட்டுக்குள் நுழைந்த என்னை அம்மா ஏற இறங்கப் பார்த்தாள். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அரைமணி நேரம் அழுதாள், ஒருமணி நேரம் திட்டினாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "அந்தப் புள்ளைக்கு நன்றிப் பூசை வைக்கணும். பேரு என்ன?" என்றாள்.

"தெரியாதும்மா."

"உசிரக் காப்பாத்துனவ பேரக்கூடக் கேக்காம வந்தியா? இருபது வருஷம் ஆபீஸ் போனவளா நீ?"

கேட்டுக்கொண்டேன். அடுத்த ஞாயிறு பாலக்கரை மாதா கோவிலில் காலைப் பூசை. கோவிலின் பங்கு அலுவலகத்தில் பூசைக்குப் பெயர் எழுதும் உபதேசியாரும் என்னை அதையேதான் கேட்டார். பெயரில்லாமல் எப்படிம்மா எழுதுவது என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பீடத்திலிருந்து சாமியார், அன்றைய பூசை யார் யாருக்காக என்ற கருத்துகளை வாசித்தார். ஆரோக்கியசாமிக்காக, லூர்துமேரி குடும்பத்துக்காக, தேர்வு எழுதும் இன்னாருக்காக. கடைசியில், "ஓசூரில் வசிக்கும் ஒரு சகோதரிக்காக." ஓசூர் என்று அவர் சொன்னதற்கே எனக்குத் திக்கென்றது. முந்நூறு கிலோமீட்டர் தள்ளி, அவளை யாருக்குமே தெரியாத ஊரில், கடவுள் முன்னால் முழந்தாளிட்டிருக்கிறேன். அங்கேயும் அந்தப் பெயரை மனதுக்குள்தான் சொன்னேன். உதட்டை அசைக்கவில்லை.